தகரத்தில் ஒரு மரம்

ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த பேருந்து நிறுத்தச் சுவரில், பருவநிலை மாற்றம் பற்றிய ஓவியம் வரைய ஏசி தயாரிக்கும் நிறுவனம் ஒன்று பணம் தர முன்வந்தது. ஓவியரான அவளுக்கு அந்த வேலை கிடைத்தது அக்கா புருஷனால்தான். மாமா அங்கே விளம்பரப் பிரிவு அதிகாரி. "என் பேரைக் கெடுத்துடாதம்மா" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

இரண்டு கைகள் பூமிப்பந்தைத் தாங்குகிற படம். மேலிடம் ஒப்புக்கொண்டது அதைத்தான். அவளுக்கு அதில் பெரிய ஆசை இல்லை. ஆனாலும் சாரம் கட்டி, நீலத்தைக் குழைத்துப் பூச ஆரம்பித்தாள்.

வெயில் மண்டையைப் பிளந்தது. நிறுத்தத்துக்குக் கூரை கிடையாது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் அவளுடைய சாரத்தின் நிழலில் ஒண்டினார்கள். சாரத்தை நகர்த்தினால் கூட்டமும் கூடவே நகர்ந்தது. "படம் நல்லாத்தான் இருக்கு. சீக்கிரம் மட்டும் முடிச்சிடாதம்மா" என்றார் ஒரு பெரியவர்.

ஒருநாள் மதியம், மருந்துப் பையோடு நின்ற கர்ப்பிணி ஒருத்தி மயங்கிச் சரிந்தாள். சாரத்தடியில் படுக்கவைத்து முகத்தில் தண்ணீர் தெளித்த பிறகுதான் கண் திறந்தாள்.

அன்று மாலை ஓவியர் நேரே அக்கா வீட்டுக்குப் போனாள்.

"மாமா, சுவரு வேணாம். தகரக் கூரை போட்டு, அதோட அடிப்பக்கம் வரையறேன்."

"விளையாடுறியா? பூமிப்பந்துக்குக் கையெழுத்து வாங்குறதுக்குள்ளயே எனக்கு நாக்கு தள்ளிப்போச்சு."

"நாளைக்கு மத்தியானம் ஒரு பஸ் வர்ற வரைக்கும் அங்க வந்து நில்லுங்க. அப்புறம் சொல்லுங்க."

"போய்த்தான் நில்லுங்களேன், கரைஞ்சா போயிடுவீங்க?" என்றாள் அக்கா, அடுக்களையிலிருந்து.

மாமா வந்து நின்றார். பஸ் வருவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நேரே அலுவலகம் திரும்பினார். இயக்குநரிடம் எப்படி வாதாடினாரோ, கூரைக்குச் சம்மதம் கிடைத்தது. விளிம்பில் நிறுவனத்தின் பெயர் பெரிதாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

தகரத்தின் அடியில் கிளைவிரித்த மரமொன்றை வரைந்தாள். கிளைகளுக்கு நடுவே, கூடுகள் இருக்கவேண்டிய இடங்களில், அனல் கக்கும் ஏசி பெட்டிகள். பார்க்க வந்த இயக்குநரின் முகம் சுருங்கியது.

"நம்ம காசுலயே நம்ம தலையில மண்ணை வாரிப் போட்டுக்கணுமா? பெட்டிய எல்லாம் எடுக்கச் சொல்லுங்க" என்று மாமாவிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

மாமா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நீ மாட்டேன்னா நான் கட்டாயப்படுத்த மாட்டேன். ஆனா கூரையப் பிரிச்சிடுவாங்க."

பெட்டிகளின் மேல் இலைகளை வரைந்தாள். கை ஓடியது, மனசு ஓடவில்லை. மாமா கடைசிவரை ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

திறப்பு விழாக் கூட்டம் கலைந்ததும், பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பெண் அண்ணாந்து பார்த்தாள். "அப்பாடா, இப்பத்தான் உயிரே வருது. ஏம்மா, முன்னெல்லாம் இப்படிக் காயாதே?"

ஓவியர் தயங்கினாள். பக்கத்தில் நிறுவனத்தின் அட்டையைக் கழுத்தில் மாட்டியபடி மாமா. பிறகு, நிலக்கரி எரிப்பதில் தொடங்கித் தனக்குத் தெரிந்தவரை சொன்னாள்.

"அப்ப இந்தக் கூரை போட்டுக் குடுத்தவங்க?"

மாமா தொண்டையைச் செருமினார். "எங்க பெட்டியும் ஒரு காரணம்தாம்மா. உள்ள குளிர்ச்சி, வெளிய அனல். அது ஓடுற கரண்டுக்கும் கரிதான் எரியுது."

பஸ் வந்தது. அந்தப் பெண் ஏறவில்லை. "அடுத்ததுல போய்க்கிறேன். நீங்க சொல்லுங்க" என்றாள்.