கடைசியாக வகுப்புக்கு வந்த நாள்

சிக்னலில் வண்டி நின்றபோதுதான் அக்கா அவர்களைப் பார்த்தாள். பூங்காவின் இரும்பு வேலிக்கு அந்தப் பக்கம் சக்கர நாற்காலியில் அப்பா. எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவள் சிட்டு, அவளுடைய தங்கை. மணி பதினொன்றே கால். அந்த நேரத்தில் சிட்டு ஊரின் மறுகோடியில், பல்கலைக்கழகத்தின் சிவில் இன்ஜினியரிங் வகுப்பில் இருக்க வேண்டியவள். கையில் ஏதோ அட்டைகள். ஒன்றை உயர்த்திக் காட்டினாள். அப்பாவின் வாய் கோணித் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. சிட்டு கைதட்டினாள்.

வண்டியை அப்படியே போட்டுவிட்டு இறங்கி ஓட வேண்டும் போலிருந்தது அக்காவுக்கு. முதுகுக்குப் பின்னால் எழுபது பேர் உட்கார்ந்தும் தொங்கியும் இருந்தார்கள். பச்சை விழுந்தது. நடுவில் மடிந்து திரும்பும் அந்த நீளமான பேருந்தை, வேலியோரம் நின்ற சைக்கிள்காரர் மேல் படாமல் அவள் திருப்பினாள். பின்பாதி முழுவதும் வளைவைத் தாண்டிய பிறகுதான் கண்ணாடியில் பார்த்தாள். அதற்குள் பூங்கா மறைந்துவிட்டது.

டிப்போவில் அவளுக்கு 'நீள வண்டி' என்று பெயர். அந்த வகை வண்டியை ஓட்டும் பெண் அவள் ஒருத்திதான். ஆறு மாதம் தகுதிகாண் காலம். அதில் சேர்ந்தாற்போல் மூன்று நாள் விடுப்பு எடுத்தாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். நான்கு மாதத்தை ஓட்டிவிட்டாள். ஆனால் வண்டியைப் பற்றி அவள் பெருமையடித்ததை யாரும் கேட்டதில்லை. பெருமையெல்லாம் சிட்டுவைப் பற்றித்தான். முழுக் கட்டணத்துக்கும் உதவித்தொகை தருவதாகப் பல்கலைக்கழகம் அனுப்பிய கடிதத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, மெக்கானிக், பரிசோதகர், கேன்டீன்காரர் என்று ஒருவர் விடாமல் காட்டினாள். அவள் போனை எடுத்தாலே, "போதும் நீள வண்டி, எங்களுக்கு மனப்பாடம் ஆயிடுச்சு" என்று கும்பிடு போடுவார்கள்.

நான்கு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னிக்கு கிளாஸ் எப்படிப் போச்சு?"

சிட்டு அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது.

"பாத்துட்டியா?"

"வண்டில இருந்து பாத்தேன். பாத்துக்க வர்ற அந்தம்மா எங்கடி?"

"அவங்க நின்னு மூணு வாரம் ஆச்சுக்கா. மகளுக்குப் பிரசவம்னு போனாங்க, வரல."

"மூணு வாரமா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா?"

"சொன்னா நீ லீவு போடுவ. நாலு மாசம் ஓட்டினதெல்லாம் பாழாயிடும். என் கிளாஸ்தானே, அப்புறம் படிச்சுக்கலாம்னு நெனச்சேன்."

"அப்புறம் படிக்கிறதா? அவன் சும்மா குடுக்கறான்னு நெனச்சியா அந்தக் காசை? ஊரெல்லாம் சொல்லிட்டு வந்திருக்கேன், என் மூஞ்சிய எங்க கொண்டு போய் வெச்சுக்கறது?"

குரல் ஏறிக்கொண்டே போனது. அப்போது நாற்காலியிலிருந்து, தொண்டையில் கல்லை உருட்டி வெளியே தள்ளுவதுபோல, ஒரு சொல் வந்தது.

"கத்... தாத."

அக்கா நாற்காலிப் பக்கம் திரும்பினாள். பக்கவாதம் வந்து மூன்று மாதமாக, அவள் காதுபட அப்பாவிடமிருந்து 'ஊ'வுக்கு மேல் எதுவும் வந்ததில்லை. அந்த 'ஊ'வுக்கே, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரும் பேச்சுப் பயிற்சியாளர் நல்ல கைராசிக்காரர் என்று போன வாரம்கூட டிப்போவில் சொல்லிக்கொண்டிருந்தாள். மேசையில் கிடந்த அட்டைகளைப் பார்த்தாள். பல் துலக்கும் தூரிகை, செருப்பு, கதவு, குடை. எல்லாம் சிட்டு கையால் வரைந்தவை. செருப்புகூட அளவெடுத்துப் போட்ட கட்டட வரைபடம்போல இருந்தது.

"எத்தனை சொல்லு வருது?" என்றாள் கடைசியில்.

"பதினேழு. 'கத்தாத' நான் சொல்லிக் குடுக்கல."

அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடைக்கவில்லை; சிட்டு இந்த செமஸ்டரிலிருந்து விலகுவதென்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை அக்காவுக்கு ஓய்வு நாள். கீழ்வீட்டுத் தையல்காரரை அப்பாவுக்குத் துணையாக உட்காரச் சொல்லிவிட்டு இருவரும் கிளம்பினார்கள். பல்கலைக்கழகம் என்பதால் அக்கா இஸ்திரி போட்ட சீருடையையே அணிந்துகொண்டாள். அதைவிட நல்ல உடுப்பு தன்னிடம் இல்லை என்பது அவள் எண்ணம்.

கட்டணப் பிரிவில் இருந்த அலுவலர் அம்மாள் எழுதுவதற்கு ஒரு கண்ணாடி, பார்ப்பதற்கு ஒரு கண்ணாடி என்று இரண்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"சொல்லாம நின்னுடாம வந்தீங்களே, அதுவே நல்லது. விலகல் படிவம் குடுக்காம நின்னா எல்லாப் பாடத்துலயும் ஃபெயில்னு விழும். அப்புறம் எந்தக் காலத்துலயும் உதவித்தொகை கிடைக்காது. இன்னிக்குக் குடுத்தா, விலகினாங்கன்னு மட்டும்தான் இருக்கும். கட்டணத்துல பாதியும் திரும்பி வரும். திங்கக்கிழமைன்னா கால்தான்."

"பாதின்னா இருபதாயிரம்" என்றாள் அக்கா. மனத்துக்குள் அதை ஒரு புதிய உதவிப் பெண்ணுக்குச் சம்பளமாகக் கொடுக்கத் தொடங்கியிருந்தாள்.

"அது உங்க கைக்கு வராதும்மா. கட்டினது நீங்க இல்லையே. நாப்பதாயிரமும் உதவித்தொகைதான். எத்தனை நாள் படிச்சாங்களோ அத்தனை நாளுக்குத்தான் அது அவங்களோடது. மிச்சத்தைத் திருப்பணும். இந்த இருபதாயிரம் நேரா அதுக்குப் போயிடும். அது போதலைன்னா பாக்கி மாணவி பேர்ல நிக்கும்."

அவர் கால்குலேட்டரைத் தட்டினார். செமஸ்டர் பதினைந்து வாரம். இன்றோடு ஆறு வாரம் முடிகிறது. இன்றுவரை வகுப்புக்கு வந்ததாக வைத்தால், பதினாறாயிரம் சிட்டுவினுடையது. திருப்ப வேண்டியது இருபத்து நாலாயிரம். கட்டணத்திலிருந்து வருவது போகப் பாக்கி நாலாயிரம்.

நாலாயிரம். சமாளித்துவிடலாம். அக்கா மூச்சை விட்டாள்.

அலுவலர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு படிவத்தைச் சிட்டுவின் பக்கம் திருப்பினார். "கடைசியா வகுப்புக்கு வந்த நாள். இதை மட்டும் நீங்க சொல்லணும். முதல் வருஷப் பெரிய வகுப்புல வருகைப் பதிவு கிடையாது. நீங்க எழுதறதுதான் நாள்."

அக்கா மேசைக்கு அடியில் தங்கையின் காலை அழுத்தி மிதித்தாள். இன்றைய தேதியைப் போடு. ஒருத்தருக்கும் தெரியாது. யார் குடியும் கெட்டுவிடாது.

சிட்டு காலை மெல்ல உருவிக்கொண்டாள்.

"மேடம், நான் மூணு வாரம்தான் வந்தேன்."

"சரியா யோசிச்சுச் சொல்லுங்க. அப்படின்னா எட்டாயிரம்தான் உங்களோடது. பாக்கி பன்னெண்டாயிரம் ஆகும்."

"தெரியும் மேடம். நேத்தே போட்டுப் பாத்தேன். வராத நாளுக்கு வந்தேன்னு எப்படி எழுதறது? என் எடத்துல இன்னொருத்தருக்குப் போக வேண்டிய காசு அது."

அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உலகம் தெரியாத கழுதை. பன்னிரண்டாயிரம் என்றால் எத்தனை நடை, எத்தனை திருப்பம் என்று இவளுக்குத் தெரியுமா? வாயைத் திறந்தாள். சிட்டு அதற்குள் குனிந்து தேதியை எழுத ஆரம்பித்திருந்தாள். ஒவ்வொரு எண்ணும் தனித்தனியாக, வரைபடத்தில் அளவு குறிப்பதுபோல நின்றது. அக்கா திறந்த வாயை மூடிக்கொண்டாள். அந்த நீள வண்டியை முதல்முதலாக டிப்போ வாசலில் ஒரு கீறலும் விழாமல் நுழைத்த அன்றுகூட அவள் இவ்வளவு உயரமாக உணர்ந்ததில்லை. இவள் என் தங்கச்சி என்று எதிரில் இருந்த அம்மாளிடம் சொல்லிவிடத் துடித்தது நாக்கு. அவருக்கு அது தெரியும் என்பது நினைவுக்கு வந்து அடக்கிக்கொண்டாள்.

அலுவலர் பாராட்டு எதுவும் சொல்லவில்லை. முத்திரையைக் குத்தினார். "மாசா மாசம் கட்டலாம். ஒரு வருஷத்துக்குள்ள பாக்கி தீர்ந்தா இதே இடம், இதே உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். அப்பாவோட டாக்டர்கிட்ட ஒரு கடிதம் வாங்கி மேல்முறையீடு போடுங்க. குழு பாக்கும். பாக்கி குறையுமான்னு நான் வாக்குக் குடுக்க முடியாது."

"பாக்கியை நானே கட்டறேன் மேடம்" என்றாள் சிட்டு.

"ரெண்டு பேரும் கட்டுவோம்" என்றாள் அக்கா. "இன்னும் ரெண்டு மாசத்துல என் வேலை நிரந்தரம். அப்புறம் ஷிஃப்ட்டை நான் கேட்டு வாங்கலாம். காலைல நீ, மத்தியானம் நான். அப்பாவை மாத்தி மாத்திப் பாத்துக்கலாம்."

முத்திரை குத்திய நகலுடன் வெளியே வந்தார்கள். நீளமான நடைபாதை. இரண்டு பக்கமும் கதவுகள்.

"நீ உக்கார்ற எடம் எது? காட்டு" என்றாள் அக்கா.

"இப்போ எதுக்குக்கா?"

"காட்டுன்னா காட்டு."

படிப்படியாக இறங்கும் பெரிய அறை அது, காலியாக இருந்தது. இடது ஓரம், நான்காவது வரிசையில் ஒரு நாற்காலியைச் சிட்டு காட்டினாள். அக்கா போய் அதில் உட்கார்ந்தாள். எழுதும் பலகையை மடியின் மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு முதுகை நிமிர்த்தினாள். சிட்டு சிரித்துக்கொண்டே பக்கத்தில் அமர்ந்தாள். இருவரும் எழுந்திருக்க நினைப்பதற்குள் மாணவர்கள் கூட்டமாக வந்து வரிசையை இரண்டு பக்கமும் அடைத்துவிட்டார்கள். சீருடையைப் பார்த்துவிட்டு ஒரு பெண், "நீங்க இந்த கிளாஸா?" என்றாள்.

"இவ இந்த கிளாஸ்" என்றாள் அக்கா. "நான் இவ அக்கா."

விளக்குகள் மங்கின. திரையில் மண்ணின் குறுக்குவெட்டு தெரிந்தது. மேலே கறுப்பு, அதற்குக் கீழே செம்மண், அதற்கும் கீழே பாறை. ஆசிரியர் பேசத் தொடங்கினார். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் காகிதம் சரசரத்தது. சிட்டு விலகல் படிவத்தின் நகலைத் திருப்பிப் போட்டு, அதன் வெற்றுப் பக்கத்தில் வேகவேகமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள்.