லிப்ட் இல்லாத கோபுரம்

லிப்ட் மெக்கானிக்கின் மனைவி ஊரைவிட்டு எங்கும் போகவில்லை. ஆனாலும் தினமும் சாயங்காலம் அவள் செருப்பு ஐரோப்பாக் கால்வாய்த் தண்ணீரில் நனைந்திருந்தது. நடந்ததெல்லாம் மூன்றாம் மாடியில், அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான். அதன்மேல் ஒரு குட்டி தேசத்தின் வரைபடத்தை விரித்து வைத்திருந்தாள். கட்டைவிரலை வைத்தால் மறைந்துபோகும் நாடு. அதற்குள் பழைய நகரங்கள் ஏழெட்டு. ரயிலில் ஏறித் தலை சீவி முடிப்பதற்குள் அடுத்த நகரம் வந்துவிடுமாம். கல்யாணமான புதிதில் கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்தவர் மெக்கானிக்தான். பிறகு மகள் படிப்பு, பல்வலி, மழைக்காலம் என்று வருஷா வருஷம் ஒரு சாக்கு. மகள் கல்யாணமாகிப் போன பிறகும் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். அவள் சண்டை போடவில்லை. போவதற்குத்தானே இவர் வேண்டும், திட்டம் போட யார் வேண்டும் என்று பென்சிலோடு உட்கார்ந்துவிட்டாள்.

முதல் நகரத்தில் எந்தப் பாலத்திலிருந்து எந்தப் பாலம் என்று கோடு போட்டு முடித்த அன்று செருப்பு நனைந்தது. இரண்டாவது நகரத்துக்குப் பிறகு அவள் கொண்டையில் ஓர் அன்னத்தின் இறகு இருந்தது. மெக்கானிக் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்றாவது நகரத்தில் ஒரு மணிக்கூண்டு. அங்கேதான் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முட்டி வலி என்று பத்துப் படிக்கு மேல் ஏறாதவள், இப்போது குடியிருப்பு லிப்டைத் திரும்பிப் பார்க்காமல் மூன்று மாடியும் ஓடி ஏறினாள். அவள் முட்டிக்காகவே அந்த லிப்டுக்குப் பார்த்துப் பார்த்து எண்ணெய் போட்டவர் அவர்.

"லிப்ட்கூட இல்ல, அதெல்லாம் ஒரு கோபுரமா?" என்றார்.

"மேல காத்து எப்படி அடிக்குது தெரியுமாங்க?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் பார்த்து எத்தனையோ காலமாயிற்று. பெண்டாட்டி இன்னொருவனைப் பார்த்துச் சிரித்தால் அவன் சட்டையைப் பிடிக்கலாம். ஒரு நாட்டின் சட்டையை எங்கே போய்ப் பிடிப்பது? வயிறெரிந்தார் மனிதர்.

நான்காவது நகரத்திலிருந்து நாற்காலியே மத்தியானம் முழுக்கக் காலியாக ஆரம்பித்தது. உட்காருமுன் "போயிட்டு வரேங்க" என்பாள். அவர் பேப்பரிலிருந்து தலையெடுக்காமல் "சரி, போயிட்டு வா" என்பார். விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவள் வந்துவிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் வாங்கித் தந்து அவள் கட்டாமலே வைத்திருந்த புடவையைக் கட்டிக்கொண்டு, பவுடர் போட்டு, "போயிட்டு வரேங்க" என்றாள். என்னோடு கடைத்தெருவுக்கு வரும்போது கட்டாத புடவையா என்று அவருக்கு மண்டைக்கு ஏறியது.

"போ!" என்றார்.

மீதி வார்த்தை வருமா என்று அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். வரவில்லை. உட்கார்ந்தாள், நாற்காலி காலியானது. அன்றைக்கு வரவில்லை, மறுநாளும் வரவில்லை. மகள் போனில் கேட்டபோது அம்மா வெளியே போயிருக்கிறாள் என்றார், அது பொய்யும் இல்லை.

வாங்கிப் போன பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த கீழ்வீட்டு டீச்சரம்மாவிடம்தான் உள்ளதைச் சொன்னார். அந்தம்மா பிடித்துக்கொண்டார். "வெறும் 'போ'ன்னா சொன்னீங்க? 'வா'ன்னு ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல வாய் வலிச்சுதா? பின்ன எப்படிங்க வருவாங்க?"

மெக்கானிக் வரைபடத்தில் காதை வைத்தார். முதலில் மணியோசை, அப்புறம் அவள் சிரிப்பு. யாரோடு என்று மறுபடி வயிறு எரிந்தது. ஆனால் இனி வரவே மாட்டாளோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. மணிக்கூண்டுப் புள்ளியருகே வாயைக் கொண்டுபோய், "வந்துடும்மா" என்றார்.

"காத்துல ஒண்ணும் கேக்கலீங்க! நீங்க மேல வாங்க!"

"லிப்டு?"

"அட, வாங்கன்னா!"

எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டார். டீச்சரம்மாவைப் பார்த்து ஒழுங்காகப் போயிட்டு வரேன் என்றார், அவரும் ஒழுங்காகப் போயிட்டு வாங்க என்றார். எதிர் நாற்காலியும் காலியானது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு இருவரும் வந்துவிட்டார்கள். மெக்கானிக் இரண்டு முட்டியையும் பிடித்துக்கொண்டு வந்தார். வந்ததும் முதல் கேள்வி, "யாரோட சிரிச்சுக்கிட்டிருந்தே?"

"இத்தனை படி ஏறினா உங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு நினைச்சேன், சிரிப்பு வந்துச்சு."

அதற்கப்புறம் அவர்கள் வீட்டு வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு காய்கிறது. மத்தியானமானால் பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து "போயிட்டு வரோம்" என்று குரல் கேட்கும். டீச்சரம்மா கீழே சமையலறையிலிருந்தபடியே, எந்த வேலையில் இருந்தாலும், "போயிட்டு வாங்க" என்பார். அவர் கணவரும் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பவர்தான். டீச்சரம்மாவுக்கும் வயிறு நன்றாகவே எரிகிறது. ஆனாலும் இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அந்த 'வாங்க'வை மட்டும் அவர் முழுங்கியதில்லை.