வாசல் யார் பொறுப்பில்

சந்தியாகோ நகரத்து எங்கள் அலுவலகத்தில் நுழைந்து, இங்கே என்ன வேலை நடக்கிறது என்று யார் கேட்டாலும் டோனியா மிர்த்தா ஒரே பதில்தான் சொல்வார்: "ரத்தம் எங்க இருக்குன்னு சொல்றோம்."

அவர் ரத்தவியல் மருத்துவர்; 'டோனியா' என்பது பெரியவருக்கு நாங்கள் தரும் மரியாதை. ஓய்வு பெற்றதும் இந்த அமைப்பைத் தொடங்கினார். வடக்கு மாகாணங்களின் மருத்துவமனைக் கணினிகளும் ரத்த வங்கிக் கணினிகளும் எங்கள் ஏபிஐ என்னும் இணைப்பு வழியாக ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளும்: ஓ நெகட்டிவ் இருக்கிறதா, எத்தனை பை? கேட்பது யார், கேட்க உரிமை உண்டா, அளவு மீறிக் கேட்கிறார்களா என்று பார்த்து உள்ளே விட ஒரு நிரல் இருந்தது. வாசல் என்போம் அதை. எழுதியவன் வில்கின். அது ஓடிய சர்வர் அவன் மேசைக்குப் பின்னாலிருந்த சிறிய அறையில் இருந்தது. கரண்ட் போனால் ஜெனரேட்டர். ஜெனரேட்டர் அடம்பிடித்தால் வில்கின்.

அந்த வாசலை மாதக் கட்டணத்துக்குத் தாங்களே நடத்தித் தருவதாக ஒரு வெளிநாட்டு நிறுவனம் சொன்னது. கணினி வேலைகளை மேற்பார்க்கும் என்னை டோனியா மிர்த்தா கூப்பிட்டார்.

"யுடெல்கா, வாசல் நமக்குச் சொந்த வீடா, வாடகை வீடா? ஈஸ்டர் முடிஞ்சதும் எனக்குப் பதில் வேணும்."

செய்தி எனக்கு முன்னால் வில்கினிடம் போய்விட்டது.

"என் பிள்ளைய விக்கப் போறியாமே?"

"உன் பிள்ளைய எவன் வாங்குவான்? எப்பப் பாரு அழுதுக்கிட்டே இருக்கு."

"அழட்டும். எங்க வலிக்குதுன்னு எனக்குத் தெரியும். அவங்ககிட்ட விட்டா ஃபோனைக் காதுல வெச்சுக்கிட்டுப் பாட்டுக் கேக்க வேண்டியதுதான்."

ஈஸ்டருக்கு முந்திய புனித வாரம் வந்தது. வில்கினின் மனைவி யொகாஸ்தா ஒரு பாத்திரம் நிறைய இனிப்பு பீன்ஸ் பாயசத்தோடு அலுவலகத்துக்கு வந்து என் மேசையில் வைத்தாள்.

"இது லஞ்சம். என் புருஷனை எனக்குக் கொஞ்சம் விட்டுக் குடு. சமானாவுல எங்கம்மா மருமகன் மூஞ்சியையே மறந்துட்டாங்க."

அவன் போனான். வியாழக்கிழமை காலை வாசல் ஒருவரையும் உள்ளே விடவில்லை. எல்லாரையும் முன்பின் தெரியாதவர்களைப் போலத் திருப்பி அனுப்பியது. சர்வரை நிறுத்திப் போட்டுப் பார்த்தேன், பயனில்லை. வில்கினின் தொலைபேசி கிடைக்கவில்லை. அந்த நேரத்தில் டஹபோன் ஊர் மருத்துவமனையிலிருந்து அழைத்தார்கள். பிரசவமான பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை.

டோனியா மிர்த்தா ஒவ்வொரு வங்கியாகத் தானே கூப்பிட்டார். "கம்ப்யூட்டர் கிடக்கட்டும், நீ போயி ஃபிரிட்ஜைத் திறந்து பாரு மகளே!" என்று யாரையோ அதட்டினார். மாவோ ஊர் வங்கியில் கிடைத்தது. பண்டிகை ஊர்வலக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பிக்கப் வண்டி அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பெண் பிழைத்தாள்.

மதியத்துக்குமேல் கடற்கரைக் கடை ஒன்றிலிருந்து வில்கின் பேசினான். யார் எவர் என்று அடையாளம் காண வாசலுக்கு உதவும் டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்கும் சாவி அவன் ஒருவனிடம்தான் இருந்தது. அங்கிருந்தபடியே சரிசெய்துவிட்டான், ஒரு காப்பி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

விடுமுறை முடிந்து, வெயிலில் மூக்கு உரிந்துபோய் வந்தான்.

"பாத்தியா? நான் கொஞ்சம் நகர்ந்தா என்ன ஆகுதுன்னு?"

சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உனக்கு சந்தோஷமா இருக்கு, இல்ல?"

"எதுக்கு?"

"நீ இல்லாம நின்னு போச்சேன்னு. அங்க ஒருத்தி செத்திருப்பா வில்கின்."

அவன் எழுந்து போனான். வெகுநேரம் கழித்துக் காப்பியோடு வந்து, கோப்பையை என் முன்னால் வைத்தான்.

"ஆமா," என்றான். "கொஞ்சம் இருந்துச்சு."

வாடகைதான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். சோதனைக்காக, மலையிலுள்ள கொன்ஸ்தான்சா மருத்துவமனையை மட்டும் அந்த நிறுவனத்தின் வாசலுக்கு மாற்றினேன். மழை பிடித்த முதல் நாளே, யாரோ இணையம் வழியே தாக்குகிறார்கள் என்று சொல்லி அது மருத்துவமனைக்குக் கதவைச் சாத்திவிட்டது. நிறுவனத்துக்கு எழுதினேன். மிகவும் பணிவான பதில் வந்தது: பரிசீலிக்கிறோம். கொன்ஸ்தான்சாவில் ஆய்வகம் பார்க்கும் எனெய்டா என்னைத் திட்டித் தீர்த்தாள்.

வில்கின் என்னைக் கேலி செய்திருக்கலாம். செய்யவில்லை.

"மழை வந்தா கொன்ஸ்தான்சா லைன் அறுந்து அறுந்து வரும். பதில் வரலைன்னு அந்தக் கம்ப்யூட்டர் ஒரே கேள்விய விடாம கேட்டுக்கிட்டே இருக்கும். நம்ம வாசல்ல அதுக்கு மட்டும், எத்தனை தடவ கேட்டாலும் விடற மாதிரி ஒரு சலுகை குடுத்திருந்தேன்."

"எங்கயாவது எழுதி வெச்சிருக்கியா?"

"எனக்குத் தெரியுமே, எதுக்கு எழுதணும்?" என்றவன், சொன்னது தன் காதிலேயே விழுந்ததுபோல் நிறுத்திக்கொண்டான்.

டோனியா மிர்த்தாவின் அறையில் மூவரும் உட்கார்ந்தோம்.

"வாசல அவங்களே ஓட்டட்டும் டோனியா," என்றேன். "ஆனா யாரை எப்படி விடணும்ங்கறத நாமதான் சொல்லணும். அதுக்கு இவன் மண்டைக்குள்ள இருக்கறது முழுக்க வெளிய வந்தாகணும்."

"நீ என்னப்பா சொல்ற?"

வில்கின் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். "வருத்தமாத்தான் இருக்கு. ஆனா எனக்கு ஒரு காய்ச்சல் வந்தா ஊர் ஊரா நிக்குதுன்னா, அது நல்லா கட்டின வாசல் இல்ல டோனியா."

விதிகளைப் புதிய வாசலுக்கு மாற்ற மழைக்காலம் முழுவதும் ஆனது. ஒவ்வொரு சலுகைக்கும் ஏன் என்று கேட்பேன். அவன் ஒரு கதை சொல்வான். சிலவற்றுக்குக் காரணம் அவனுக்கே மறந்திருந்தது. அவற்றைத் தயங்கித் தயங்கி நீக்கினோம்.

மாறியபின் எல்லாம் சுகமென்று சொல்ல மாட்டேன். ஒரு நாள் முற்பகல் அந்த நிறுவனத்தின் சேவை மொத்தமாகப் படுத்துவிட்டது. வில்கின் உட்காருவான், எழுவான், முன்பு சர்வர் இருந்த வெற்று அறைவரை போய்த் திரும்புவான். "எதையாவது கழட்டிப் பாக்கணும் போல இருக்கு, கழட்ட ஒண்ணுமில்லயே!" என்றான். தொலைபேசிகளைப் பங்கு போட்டுக்கொண்டு ரத்த வங்கிகளைக் கூப்பிட்டோம். மதியத்துக்குள் சேவை அதுவாகவே திரும்பியது. ஏன் படுத்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

ஆனால் ஒரு சனிக்கிழமை நாங்கள் கொன்ஸ்தான்சாவுக்குப் போனோம். அத்தனை வருடம் அந்த இணைப்புக்காகச் சலுகை கொடுத்தவன், ஒரு முறையும் அங்கே போனதில்லை. சர்வரை விட்டு எங்கே போவான்? கூரையில் ஏறிப் பார்த்தான். ஆண்டெனாவுக்கு மேலே ஒரு மரக்கிளை நீண்டிருந்தது. மழையில் நனைந்து கனத்தால் கிளை அதன் முன்னால் வந்து தொங்கி லைனை அறுக்கும். எனெய்டா அரிவாள் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நீங்கதானா வில்கின்? குரலை வெச்சு யாரோ கிழவர்னு நினைச்சேன்."

கிளை விழுந்தது. மூவரும் கீழே நின்று அந்த மலையில் விளைந்த ஸ்ட்ராபெர்ரி தின்றோம்.

"இப்ப அந்த வாசல யாரு பாத்துக்கறாங்க?" என்று எனெய்டா கேட்டாள்.

"வெளிநாட்டுல ஒரு கம்பெனி."

"ஆளு பேரு என்ன? நான் யாரைத் திட்டறது?"

வில்கின் என்னைப் பார்த்தான்.

"எங்களையே திட்டுங்க அக்கா," என்றான். "அது மாறல."