அளந்து பார்க்கப் போன நாள்

ஜெனிக்கு ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சை முடிந்த அன்று சாயங்காலம் ஆல்பின்தான் அந்தப் பேச்சை எடுத்தான்.

"நத்தம் போற வழியில ஒரு பெரிய நேச்சர் பார்க் தொறந்திருக்காங்களாம்ல. ஏரி, காடு, பட்டாம்பூச்சின்னு என்னென்னமோ இருக்காம். இவ கிளாஸ்ல பாதிப் பிள்ளைக போயிட்டு வந்துருச்சுக. நீங்க ரெண்டு பேரும் ஒரு நாள் போயிட்டு வாங்க மேரி."

ஆன்மேரி தோசையைத் திருப்பிப் போட்டாள். "நீங்க ரெண்டு பேரும்" என்று அவன் சொன்னது காதிலேயே நின்றது.

"போனா மூணு பேரும்தான்" என்றாள்.

ஆல்பின் சக்கர நாற்காலியைத் திருப்பிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டான். ஜெனி அப்பாவையும் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. தட்டிலிருந்த சட்னியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரிங் ரோட்டில் ஆல்பினின் பைக்கை லாரி இடித்துத் தள்ளி இரண்டு வருஷம் ஆகிறது. இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. அதுவரை கணக்கு வாத்தியாராக இருந்தவன் இப்போது வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறான். பழங்காநத்தத்தில் இருந்த மாடிவீடு இனிச் சரிப்படாது என்று கோச்சடையில் தரைத்தளமாகப் பார்த்துக் குடிவந்தார்கள். ஆல்பினின் தம்பி ஜூடு அடுத்த தெருவில்தான் இருக்கிறான். ஆன்மேரி பசுமலையில் ஒரு மிஷன் பள்ளி அலுவலகத்தில் கிளார்க். காலையில் எழுந்தது முதல் அவனுக்கு என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, ஒரே பக்கம் அழுந்திப் புண் வராமல் எப்போது சாய்ந்து உட்கார வேண்டும் என்பதெல்லாம் அவள் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். பள்ளியில் வேலை பார்க்கும்போதும் ஓடும்.

மறுநாள் மத்தியானம் பார்க்குக்குப் போன் போட்டாள்.

"வீல்சேர்ல வர்றவங்க உள்ள எல்லா எடத்துக்கும் போகலாமா?"

"தாராளமா வாங்க மேடம், பாத்துக்கலாம்" என்றது ஒரு பெண் குரல்.

பாத்துக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று ஆன்மேரிக்குத் தெரியும். போன வருஷம் சொந்தக்காரர் கல்யாணத்தில் மண்டபத்துக்காரரும் அதையேதான் சொன்னார். போய்ப் பார்த்தால் பன்னிரண்டு படி. நாலு பேர் நாற்காலியோடு ஆல்பினைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். வீடியோக்காரர் அதையும் படம் பிடித்தார். ஆல்பின் சிரித்த முகத்தோடுதான் இருந்தான். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் தவிர வீட்டைவிட்டு அவன் கிளம்பவில்லை.

அதனால் தானே முதலில் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு பண்ணினாள். அந்தச் சனிக்கிழமை, பள்ளியில் அட்மிஷன் வேலை இருக்கிறது, வர சாயங்காலம் ஆகும் என்று வீட்டில் சொன்னாள். பையில் ஒரு நோட்டும், தைக்கிற டேப்பும், டப்பாவில் தயிர்சாதமும் இருந்தன. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் நத்தம் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தபோதுதான், கல்யாணமான பிறகு வேலைக்குத் தவிர இப்படித் தனியாகப் பஸ்ஸில் எங்கேயும் போனதில்லை என்று நினைவு வந்தது.

பார்க் மலையடிவாரத்தில் விரிந்து கிடந்தது. டிக்கெட் வாங்கி உள்ளே போனதும் அவள் எதையும் வேடிக்கை பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். வாசலிலிருந்து ஏரி வரைக்கும் சிமெண்டுப் பாதை, நல்லது. பட்டாம்பூச்சிக் கூடத்துக்கு இரண்டு படி. மூங்கில் தோப்புக்குள் சரளைக்கல், சக்கரம் புதையும். பறவைக் கூண்டுப் பக்கம் சரிவு அதிகம், இறங்கினால் பிடித்து நிறுத்த ஆள் வேண்டும். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டே போனாள். கழிப்பறை வாசலில் குனிந்து டேப்பை விரித்தபோது பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"என்னத்தா, கக்கூஸ் வாசல அளக்குறீக?"

காக்கிச் சட்டை போட்ட காவலாளி. அறுபது வயதிருக்கும். சட்டையில் பேயாண்டி என்று பெயர் குத்தியிருந்தது. ஆன்மேரி விஷயத்தைச் சொன்னாள். அவர் முகத்திலிருந்த சந்தேகம் போய்விட்டது.

"எம்புட்டு இருக்கு?"

"இருபத்தி நாலு இஞ்ச். சேர் இருபத்தஞ்சு."

"ஒரு இஞ்ச்ல போச்சா?" அவர் வாசல் நிலையைக் கையால் தட்டிப் பார்த்தார். "இதச் செதுக்கவும் முடியாது. இங்க வாங்க, ஒண்ணு காட்டுறேன்."

ஆபீசுக்குப் பின்னால் முதலுதவி அறை இருந்தது. அதையொட்டி ஒரு கழிப்பறை. வாசல் அகலமாகவே இருந்தது. "ஆரும் இதுக்கு வர்றதில்ல. சாவி எங்கிட்டதான் இருக்கும். நீங்க வார அன்னைக்கு ஒரு போனப் போடுங்க, தொறந்து வைக்கிறேன்" என்று சொல்லி நம்பரைக் கொடுத்தார். அவருக்குச் சொந்த ஊர் செக்கானூரணிப் பக்கம், நிலத்தை மகன் பார்த்துக்கொள்கிறான், இங்கே மாமனார் ஊரில் தங்கி வேலை பார்க்கிறார் என்பதெல்லாம் கேட்காமலே சொன்னார்.

பன்னிரண்டு மணிக்கெல்லாம் அளப்பது முடிந்துவிட்டது. ஏரிக்கரை மரத்தடியில் உட்கார்ந்து தயிர்சாதத்தைச் சாப்பிட்டாள். கிளம்பலாம் என்று எழுந்தவளை, அந்த வழியாக வந்த பேயாண்டி நிறுத்தினார்.

"டிக்கெட்ட வாங்கிப்புட்டு எதையும் பாக்காம போறீகளே? தொங்குபாலம் ஏறிப் பாருங்க. சும்மா ஒரு நடை."

ஒரு நடைதானே என்று போனாள். ஓடைக்கு மேலே கயிற்றில் தொங்கிய பாலம், கால் வைத்ததும் ஆடியது. நடுப்பாலத்துக்கு வந்ததும் எதிரே நாலைந்து கல்லூரிப் பெண்கள் வேண்டுமென்றே குதித்து ஆட்டினார்கள். "ஐயோ, ஏ பிள்ளைகளா!" என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தியவளுக்கு, கத்தி முடிக்கும்போது சிரிப்பாக வந்தது. அக்கரையில் காட்டுக்குள் பாதை போனது. போனாள். பட்டாம்பூச்சிக் கூடத்தில் கருப்பும் நீலமுமாய் ஒன்று அவள் தோளில் வந்து உட்கார்ந்தது. அது தானாகப் பறக்கிற வரைக்கும் அசையாமல் நின்றாள். அங்கிருந்து வந்து அந்தப் பெண்களோடு பெடல் படகில் ஏறினாள். அவர்கள் "அக்கா, மிதிங்கக்கா!" என்று கத்தக் கத்த, ஏரியின் நடுவரைக்கும் மிதித்தாள்.

படகைவிட்டு இறங்கி மணி பார்த்தாள். மூன்று நாற்பது.

ஆல்பினுக்கு இரண்டு மணி மாத்திரை. ஜெனிக்கு நினைவுபடுத்த வேண்டும் என்று காலையில் நினைத்திருந்தாள். போன் போடவே இல்லை. மாத்திரையை மறந்ததுகூட அவளை அவ்வளவு உலுக்கவில்லை. மூன்று மணி நேரமாக வீடு என்ற ஒன்று தனக்கு இருப்பதே அவள் மனதில் வரவில்லை. அது எவ்வளவு லேசாக இருந்தது என்பதுதான் பயமாக இருந்தது. போனை எடுத்தவள், என்ன சொல்வதென்று தெரியாமல் மறுபடியும் பைக்குள் போட்டுவிட்டு, வேகமாக நடந்து போய்ப் பஸ்ஸைப் பிடித்தாள்.

வீட்டுக்கு வந்தபோது ஆல்பின் முன்னறையில் இருந்தான். ஜெனி ஜூடு வீட்டுக்குப் போயிருந்தாள்.

"அட்மிஷன் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுச்சு. பெரிய கூட்டம்."

ஆல்பின் அவள் காலடியைப் பார்த்தான். "பசுமலைல அட்மிஷன் வேல பாத்தா சேலையில நாயுருவி ஒட்டுமா மேரி?"

குனிந்து பார்த்தாள். சேலைக் கரை நெடுக நாயுருவி விதைகள் பொடிப்பொடியாக ஒட்டிக்கொண்டிருந்தன. இதற்கு மேல் பொய் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்து அவன் மடியில் வைத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

ஆல்பின் நோட்டை முதல் பக்கத்திலிருந்து வாசித்தான். வாத்தியார் விடைத்தாளைப் படிப்பதுபோல விரலை வரிக்கு வரி வைத்துப் படித்தான். படித்து மூடினான்.

"நல்லா எழுதியிருக்க. படி, சரிவு, கல்லு, வாசல், எல்லாம் இருக்கு." குரல் தாழ்ந்திருந்தது. "நான் எங்கெங்க போக முடியாதுன்னு நாலு பக்கம் இருக்கு. அங்க என்ன இருக்குன்னு ஒரு வரிகூட இல்லயே மேரி."

ஆன்மேரிக்குச் சுருக்கென்றது. "உங்களுக்காகத்தானங்க போனேன். அந்தக் கல்யாண மண்டபம் மாதிரி ஆயிரக் கூடாதுன்னுதான்."

"தெரியும். அதுக்கு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? நாம ரெண்டு பேரும் சேந்து போன் போட்டிருக்கலாம். நான் நெட்ல படத்தப் பாத்து நாலு கேள்வி கேட்டிருப்பேன். எனக்கே தெரியாம என்னைய அளந்துட்டு வந்திருக்க."

அவள் சேலைக் கரையிலிருந்த விதைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தாள். தெருவில் காய்கறி வண்டி ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு போனது. அது கடந்து போனபிறகு, ஆல்பினே மறுபடியும் பேசினான்.

"சரி, சொல்லு. அங்க என்ன இருக்கு?"

ஆரம்பத்தில் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். பாலத்தைச் சொன்னாள். கல்லூரிப் பெண்கள் ஆட்டியதைச் சொன்னாள். தோளில் உட்கார்ந்த பட்டாம்பூச்சியைச் சொல்லும்போது தன்னையறியாமல் அதேபோல அசையாமல் இருந்து காட்டினாள். படகைச் சொல்லி முடித்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ரெண்டு மணி மாத்திரைய மறந்துட்டேங்க. உங்க ஞாபகமே வரல. மூணு மணி நேரம். எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு."

"நான் மறக்கல" என்றான் ஆல்பின். "ரெண்டு மணிக்குப் போட்டுக்கிட்டேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னைய நல்லாப் பாரு. ஏதாவது தெரியுதா?"

அப்போதுதான் கவனித்தாள். ஆல்பின் முடி வெட்டியிருந்தான். காதோரம் ஒட்ட வெட்டி, கழுத்துப் பின்னால் பவுடர் வெள்ளை இன்னும் இருந்தது.

"யாரு வந்து வெட்டுனா?"

"ஆரும் வரல. நானே முக்குல இருக்குற சலூனுக்குப் போனேன். ஜெனி கூட வாரேன்னா, வேணாம்னுட்டேன். நடுவுல ஒரு சாக்கடை மூடி மேல சக்கரம் மாட்டிக்கிச்சு. டீக்கடைக்காரர் வந்து ஒரு தள்ளு தள்ளிவிட்டாரு, அம்புட்டுதான்." காதோரம் தடவிக்கொண்டான். "நீ வீட்ல இருந்தா விட மாட்ட. அதனால நீ இல்லாத அன்னைக்குப் போயிரணும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

அவன் மேல் கோபப்படுவதா, தன் மேல் கோபப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. எழுந்து வந்து அவன் கழுத்திலிருந்த பவுடரை முந்தானையால் துடைத்துவிட்டாள். அவன் தலையைக் குனிந்து கொடுத்தான்.

மறுநாள் பூசை முடிந்து வந்ததும் மூன்று பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆல்பினே பார்க்குக்குப் போன் போட்டான். பட்டாம்பூச்சிக் கூடத்துப் படி எவ்வளவு உயரம், சாய்த்துப் போட பலகை இருக்கிறதா, பார்க்கைச் சுற்றுகிற பேட்டரி வண்டியில் நாற்காலியை மடக்கி வைக்க இடமுண்டா என்று விடாமல் கேட்டான். அந்தப் பெண் இரண்டு தடவை மேனேஜரிடம் கேட்டு வந்து பதில் சொன்னாள். மூங்கில் தோப்பு வேண்டாம், பாலத்துக்கு ஜெனியும் அம்மாவும் மட்டும் என்று ஆல்பின் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல ஜெனி எழுதினாள்.

"அப்ப நீங்க என்னப்பா செய்வீங்க?" என்று கேட்டாள்.

"நான் பாட்டுக்குச் சுத்துவேன். என் கூடவே வந்து காவல் காக்கக் கூடாது, ரெண்டு பேரும். அதையும் எழுதிக்க."

மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை ஜூடு வேனில் கொண்டுபோய் விட்டான். பேயாண்டி சொன்னபடி சாவியோடு வாசலில் நின்றார். மற்றது எதுவும் எழுதியபடி நடக்கவில்லை. பேட்டரி வண்டி பழுதாகிக் கிடந்தது. வெயில் பதினோரு மணிக்கே கொளுத்தியது. பட்டாம்பூச்சிக் கூடத்துக்குப் பலகை போட்டார்கள். அது வழுக்கியதால் கடைசியில் இரண்டு பேர் பிடித்துத்தான் ஏற்ற வேண்டியிருந்தது. ஆல்பினின் முகம் கொஞ்சம் இறுகியது. ஆனால் இறங்கிப் போகலாம் என்று அவன் சொல்லவில்லை. உள்ளே அரை மணி நேரம் இருந்தான்.

ஜெனியும் ஆன்மேரியும் படகில் போய்த் திரும்பியபோது, மரத்தடியில் விட்டுப்போன ஆல்பினைக் காணவில்லை.  ஆன்மேரி கரையோரச் சரிவைத்தான் முதலில் பார்த்தாள். பிறகு பாதையை, கழிப்பறைப் பக்கத்தை. ஜெனிதான் கண்டுபிடித்தாள்.

"அம்மா, அங்க பாருங்க."

அவிச்ச சோளம் விற்கிற வண்டிக்கு முன்னால் நீளமான வரிசை. அதில் ஏழாவதோ எட்டாவதோ ஆளாக ஆல்பின் இருந்தான். முன்னாலிருந்த ஒருவர் திரும்பி, நீங்க முதல்ல போங்க என்பதுபோல் கை காட்டினார். ஆல்பின் வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, அவரோடு எதையோ பேசிச் சிரித்தான்.

ஜெனி கூப்பிட வாயெடுத்தாள். ஆன்மேரி அவள் கையைப் பிடித்தாள்.

"இருக்கட்டும். வரிசைல நிக்கிறாரு."

இருவரும் மரத்தடியிலேயே உட்கார்ந்தார்கள். ஓடிப் போக வேண்டும்போலத்தான் இருந்தது ஆன்மேரிக்கு. புல்லைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கால் மணி நேரம் கழித்து மடியில் காகிதப் பொட்டலத்தோடு, வேர்த்து வழிய, ஆல்பின் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

"மூணு வாங்குனேன்" என்றான். "வர்ற வழியில ஒண்ணு உருண்டு விழுந்துருச்சு."

ஜெனி ஒரு சோளத்தை இரண்டாக முறித்து, பெரிய பாதியைத் தான் எடுத்துக்கொண்டாள்.