மஞ்சள் பெயின்ட் அடித்த அடாப்டர்

டெல்பர்ட் ஹாகன் யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. வீட்டை விற்றுவிட்டு மனைவியோடு கேரவனில் ஊர் ஊராகச் சுற்றத் தொடங்கிய பிறகு அந்த வியாதி இன்னும் முற்றிவிட்டது. பக்கத்து இடத்தில் யார் வந்து வண்டி நிறுத்தினாலும் ஜன்னல் திரையை விரலகலம் விலக்கிவைத்து நோட்டம் பார்ப்பார். அன்று வயோமிங்கில் அந்த ஆற்றங்கரை முகாமில் திரைக்கு அப்பால் ஒரு வெள்ளை எலெக்ட்ரிக் கார் நின்றது.

"அதே கார்தான் ஆர்லிஸ். நேத்து பேட்ஜர் க்ரீக் முகாம்லயும் நமக்குப் பக்கத்துலதான் நின்னுது. இன்னைக்கு நம்ம அடாப்டரக் காணோம். கணக்கு சரியா வருதா?"

"இந்தப் பக்கம் இருக்கறதே ஒரு ரோடு. எல்லாரும் அதுலதானே வருவாங்க டெல்?" என்றாள் ஆர்லிஸ். சொல்வதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது.

அவருடைய கவலையே அதுதான். ஆர்லிஸின் மூக்குக் குழாய்க்குக் காற்று தரும் ஆக்ஸிஜன் இயந்திரம் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம்வரை தாங்கினாலே பெரிய விஷயம். கேரவனின் பிளக்கோ நாலு கால் உள்ள தடியன். முகாமின் கரன்ட் கம்பத்தில் இருந்ததோ மூன்று கண் சின்ன பாயின்ட். நடுவே முழ நீளத்துக்கு ஓர் அடாப்டர் இருந்தால்தான் இரண்டும் சேரும். தன்னுடையதை அடையாளம் தெரியட்டும் என்று மஞ்சள் பெயின்ட் அடித்து வைத்திருந்தார். முகாம் ஆபீஸில் கேட்டால் விற்றுத் தீர்ந்துவிட்டது என்று கையை விரித்தார்கள்.

போன் அடித்தது. தெரியாத எண். "ஏமாத்துக்காரப் பயலுக. காலையிலேர்ந்து இதே ரோதனை," என்று துண்டித்தார்.

வெளியே அந்தக் காரின் சொந்தக்காரி கம்பத்தருகே குனிந்து, பிளக்கைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கெய்லின் என்று பெயர் சொல்லியிருந்தாள். டெல்பர்ட் இறங்கிப் போனார்.

"என்னம்மா, கம்பத்த அடிக்கடி தடவித் தடவிப் பாக்குற?"

"சூடாகுதான்னு பாக்குறேன் சார். இது முப்பது ஆம்பியர் பாயின்ட். மணிக்கணக்கா முழுசா இழுத்தா உருகிடும். அதான் கார்லயே இருபத்துநாலுக்குக் கொறச்சு வச்சிருக்கேன்."

பதில் கேட்பதற்கு முன்பே தயாராக இருந்த மாதிரி அவருக்குத் தோன்றியது. அவருடைய கண், அவளுடைய பிளக்குக்கும் கம்பத்துக்கும் நடுவே இருந்த அடாப்டரிலேயே இருந்தது. அதே கறுப்பு ஒயர், அதே நீளம், அதே பெரிய வாய். மஞ்சளை மட்டும் காணோம். அந்த இடத்தில் சிவப்பு நாடா சுற்றி, 'மின்காருக்கு மட்டும், கேரவனில் மாட்டாதே' என்று எழுதியிருந்தது. என்ன சாமர்த்தியம்! திருடிய பொருளை வேறு யாரும் தொடக் கூடாதென்று இப்படி ஒரு வேலை.

அவள் துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைப் பக்கம் போனதும் கம்பத்தின் சுவிட்சை அணைத்தார், அடாப்டரைப் பிடுங்கினார், தன் கம்பத்தடிக்கு வந்து நாடாவை உரித்தார். அடியில் மஞ்சள் இல்லை. 'சுரண்டியிருக்கா' என்று முடிவுகட்டினார். அடாப்டரைக் கம்பத்தில் மாட்டி, கேரவனின் பிளக்கை அதில் செருகி, "ஆர்லிஸ், மிஷின சுவத்துல மாட்டு!" என்று கத்திக்கொண்டே சுவிட்சைப் போட்டார்.

கூரையில் ஏசி சுற்ற முடியாமல் முனகியது. ரப்பர் கருகும் வாடை வந்தது. உள்ளே ஆக்ஸிஜன் இயந்திரம் கீச்கீச்சென்று அலறியது. டெல்பர்ட் கம்பத்தையும் கேரவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஈரத் தலையோடு ஓடிவந்த கெய்லின் அவரைத் தள்ளிவிட்டு சுவிட்சை அணைத்தாள். "சார்ஜ் நின்னு போச்சுன்னு என் போன் கத்துது, வந்து பாத்தா... எழுதியிருந்ததப் படிக்கலியா சார்?"

"என் அடாப்டர்ல நீ என்ன வேணா எழுதுவ!"

"இது உங்களதா? பாக்க ஒண்ணு போலதான் இருக்கும். காருக்கு நியூட்ரல் வேண்டாம்னு அந்த ஓட்டைய இதுல சும்மா விட்ருக்காங்க. உங்க வண்டில ஏசி, மிஷின் எதுவும் அது இல்லாம சரியா ஓடாது. மோட்டார் கருகிடும்."

அதற்குள் ஆர்லிஸ் இயந்திரத்தைச் சுவரிலிருந்து பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். இயந்திரம் பிழைத்திருந்தது. ஆனால் பேட்டரி விளக்கு சிவப்பாக மினுங்கியது. கெய்லின் அதைப் பார்த்தாள். காரின் பின்கதவைத் திறந்து, ஆர்லிஸைக் கைத்தாங்கலாக உட்கார வைத்து, சீட்டுக்கு அடியிலிருந்த பாயின்டில் இயந்திரத்தை மாட்டினாள். "கார் பேட்டரில நெறைய இருக்கும்மா. ராத்திரி பூரா ஓடும். நீங்க நிம்மதியா மூச்சு விடுங்க."

மறுபடி போன் அடித்தது. டெல்பர்ட் துண்டிக்கப் போனார். ஆர்லிஸ் அதைப் பிடுங்கிக் காதில் வைத்தாள்.

"ஆமா... ஹாகன்தான்... மஞ்சப் பெயின்ட்டா? ஐயோ, கம்பத்துலயே விட்டுட்டு வந்துட்டாரா? காலையிலேர்ந்தா கூப்பிடறீங்க?" கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு நிமிர்ந்து கெய்லினைப் பார்த்தாள். "பேட்ஜர் க்ரீக் முகாம்லேர்ந்து பேசறாங்க, டெல். வெள்ளைக் கார் பொண்ணு எடுத்து வந்து அங்க ஆபீஸ்ல குடுத்துச்சாம்."

"ஓ, அது உங்களதா?" என்றாள் கெய்லின். "அப்ப யாருதுன்னு தெரியல. அந்த இடத்துல தங்குனவங்க நம்பருக்குக் கூப்பிடுங்கன்னு சொல்லிட்டு வந்தேன்."

டெல்பர்டுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. உரித்தெடுத்த சிவப்பு நாடா விரலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதை அடாப்டரில் பழையபடி சுற்றிப் பார்த்தார். பசை போயிருந்தது, நிற்கவில்லை.

"ஏம்மா," என்றார் கடைசியில், அவள் முகத்தைப் பார்க்காமல். "பேனா இருக்கா? புதுசா எழுதி ஒட்டித் தரேன்."