போசனின் ஐம்பது கிராம்

போசனை முதல் தடவை தராசில் ஏற்றியபோது ஆறு கிலோ நானூறு கிராம் காட்டியது. ஏழு வயது ஆண் பூனை, சாம்பல் நிறம், கருத்தடை ஆனவன். அவனுடைய உடல்வாகுக்கு நாலே முக்கால் கிலோவே அதிகம். விலாவைத் தடவிப் பார்த்தேன். எலும்பு எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

"குண்டெல்லாம் இல்ல நைரி, குளிருக்குச் சேத்து வெச்சிருக்கான்" என்றார் அவனைத் தூக்கி வந்த ஆப்ரி மாமா.

தென்கோடித் துறைமுகமான ப்ளஃப் ஊர் விலங்கு மருத்துவமனையில் நான் நர்ஸ். டாக்டர் ஹெஸ்டர் பக்கத்து நகரமான இன்வர்கார்கிலிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். எடை பார்ப்பது, நகம் வெட்டுவது, சாப்பாட்டுக்கு அளவு சொல்வதெல்லாம் என் பொறுப்பு. எங்கள் ஊரில் அப்பா வயதுக்காரர்கள் எல்லாருமே மாமாதான். ஆப்ரி மாமா என் அப்பாவோடு ஒரே சிப்பிப் படகில் வேலை பார்த்தவர் என்பதால் கொஞ்சம் கூடுதல் மாமா.

"என்ன போடறீங்க?"

"கடைல விக்கற உலர் தீனிதான். பாக்கெட்ல எழுதியிருக்கறபடி, ஒரு நாளைக்கு ஒரு கோப்பை."

"எந்தக் கோப்பை?"

"கோப்பைன்னா கோப்பைதான். என்னம்மா கேள்வி இது?"

அடுத்த வாரம் அந்தக் கோப்பையையும் கொண்டுவரச் சொன்னேன். படகில் தேநீர் குடித்துப் பழகிய எனாமல் குவளையோடு வந்தார். வீட்டில் போடுகிற மாதிரியே போட்டுக் காட்டச் சொன்னேன். மேலே கோபுரம் கட்டினார். நிறுத்துப் பார்த்தால் எழுபத்தெட்டு கிராம். பாக்கெட்டில் அச்சிட்டிருந்தது அறுபத்தைந்து. அதுவும் ஓடியாடித் திரிகிற பூனைக்கு. போசன் ஓடி நான் பார்த்ததில்லை.

கணக்கை எழுதிக் கொடுத்தேன். ஒரு நாளைக்கு ஐம்பது கிராம், காலையில் பாதி, மாலையில் பாதி. குவளையை மறந்துவிட்டு தராசில் நிறுத்துப் போட வேண்டும். வாரத்துக்கு அறுபது கிராம் குறைந்தால் போதும். அதற்கு மேல் அவசரப்பட்டால் பூனையின் ஈரல் கெட்டுவிடும்.

ஒரு மாதம் கழித்து வந்தான் போசன். ஆறு கிலோ அறுநூறு.

தராசை அணைத்து மறுபடி போட்டேன். அறுநூறுதான். ஆப்ரி மாமா ஒரு நோட்டை நீட்டினார். தேதி, மணி, கிராம் எல்லாம் பெரிய எழுத்தில் இருந்தன. ஒரு நாள் இருபத்தாறு போட்டதற்குக்கூடப் பக்கத்தில் 'கை தவறிவிட்டது' என்று எழுதியிருந்தார். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை.

கணக்கு உதைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. டாக்டர் ஹெஸ்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. "எங்கிருந்தோ உள்ள போகுது நைரி. காத்தத் தின்னு பூனை கொழுக்காது" என்றார்.

அக்கம்பக்கத்தில் விசாரித்தேன். இடது பக்கத்து வீட்டில் இரண்டு நாய்கள், போசன் அந்தப் பக்கமே போவதில்லை. வலது பக்கத்து வீடு போன வருடத்திலிருந்து பூட்டிக் கிடக்கிறது. மீன் இறங்குகிற துறைக்கு நடக்க இந்த உடம்புக்கு முடியாது.

"மட்டியு மாமா ஏதாவது கொடுக்கறாரா?" என்று ஆப்ரி மாமாவிடம் கேட்டேன்.

அவர் முகம் இறுகியது. "அவனா? அவன் பூனைய மட்டுமில்ல, இந்த வீட்ல எதையும் திரும்பிப் பாக்கறதில்ல."

மட்டியு அவருடைய தம்பி. இருவரும் பெற்றோர் விட்டுப்போன வீட்டில்தான் இருக்கிறார்கள். இருவரும் பேசிக்கொள்வதில்லை என்பது ஊருக்கே தெரியும். போன குளிர்காலத்தில், டாக் தீவுப் பக்கம் படகு ஓட்டிக்கொண்டிருந்த மட்டியு மாமாவுக்குச் சில நொடிகள் நினைவு தப்பிவிட்டது. கூட இருந்த ஆப்ரி மாமா சுக்கானைப் பிடித்துக் கரை சேர்த்தார். மறுநாள் தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தம்பியைப் பார்க்கிற டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டார். படகு லைசென்ஸ் போயிற்று, கார் லைசென்ஸும் போயிற்று. அன்றோடு தம்பி அண்ணனிடம் பேசுவதை நிறுத்தினார்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டுக்கே போனேன். சமையலறையில் தராசும் நோட்டும் தீனி டப்பாவும் ஒழுங்காக இருந்தன. போசனைத்தான் காணோம்.

"எங்க அவன்?"

"பின்னாடி எங்கயாவது தூங்குவான்."

பின்பக்கம் துணி துவைக்கிற அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கடல்வானிலை சொல்லும் ரேடியோ ஓடியது. மட்டியு மாமா நாற்காலியில் உட்கார்ந்து ஃபோவோ நீரிணையின் அலை உயரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். கடலுக்குப் போக முடியாதவருக்கு எதற்கு அலை உயரம் என்று நான் கேட்கவில்லை. அவர் மடியில் போசன். காலடியில் ஒரு கிண்ணம். அலமாரியில் அதே உலர் தீனி, அதே பாக்கெட். அதன் பக்கத்தில் மீன் நிறுக்கும் சின்னத் தராசு.

"மாமா, நீங்க இவனுக்குச் சாப்பாடு போடறீங்களா?"

"பின்ன? வேற யார் போடறா?"

"எவ்ளோ?"

"அறுபத்தஞ்சு கிராம். பாக்கெட்ல போட்டிருக்கு பாரு. கூடவும் போடமாட்டேன், கொறையவும் போடமாட்டேன். நீல காட் மீன் கெடைச்சா அதுல ஒரு துண்டு."

"ஆப்ரி மாமாவும் போடறாருன்னு தெரியாதா?"

"அவன் எதையாவது அளந்து செஞ்சு பாத்திருக்கியா? ரெண்டு நாள் போடுவான், மூணாம் நாள் மறந்துருவான். ஒரு மாசத்துக்கு மேல இது என்கிட்ட வந்து கத்துது, பட்டினி கெடக்கக் கூடாதுன்னுதான் நான் போடறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். முன்பக்கத்தில் ஒருவர் கிராம் கிராமாகக் குறைக்க, பின்பக்கத்தில் இன்னொருவர் கிராம் பிசகாமல் முழுச் சாப்பாடு போட்டிருக்கிறார். நடுவில் ஒரு கூடம், பதினோரு மாத மௌனம். போசன் அந்தக் கூடத்தைக் காலையும் மாலையும் தாண்டியிருக்கிறான். அவனுக்கு இருந்த ஒரே உடற்பயிற்சி அதுவாகத்தான் இருக்கும்.

இருவரையும் ஒரே அறையில் உட்காரவைக்க முடியவில்லை. தனித்தனியாகச் சொன்னேன். காலை இருபத்தைந்து கிராம் அண்ணன், மாலை இருபத்தைந்து கிராம் தம்பி, மீன் கிடையாது.

"நான் போட்டுருவேன். அவன் கேப்பானா?" என்றார் ஆப்ரி மாமா.

"எனக்குச் சொல்லிட்ட. முன்னாடி இருக்கற அந்தப் பெரிய மனுஷன் கேப்பாரா?" என்றார் மட்டியு மாமா.

கேட்பார்கள் என்று நினைத்து நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை நடந்ததை இருவரும் பிறகு தனித்தனியாகச் சொன்னார்கள். சொன்னதில் வித்தியாசம் அதிகமில்லை. முந்தின நாள் மாலை மட்டியு மாமா வைத்த தீனி அப்படியே கிடந்தது. இரவெல்லாம் போசன் துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் பதுங்கியிருந்தான். விடிந்ததும் அவர் மறுபடி கிண்ணத்தை நீட்டிப் பார்த்தார். மோந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான். நேற்றுக் காலை சமையலறையில் சாப்பிட்டானா இல்லையா என்பது ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும்.

மட்டியு மாமா கூடத்தைத் தாண்டிப் போய்ச் சமையலறை வாசலில் நின்றார்.

"நேத்து காலைல தின்னானா?"

ஆப்ரி மாமா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். கத்தி அப்படியே நின்றுவிட்டதாம். யாரிடம் கேட்கிறான் என்று பின்னால் திரும்பிப் பார்த்தாராம்.

"இல்ல. அப்படியே வெச்சிருந்தான். உன்கிட்ட தின்னுட்டு வந்துட்டான்னு நெனச்சேன்."

"என்கிட்டயும் தின்னல. வாந்தி வேற எடுத்திருக்கான். வண்டிய எடு."

மருத்துவமனைக்குள் இருவரும் ஒன்றாக நுழைந்தபோது வரவேற்பறையில் இருந்த பெண்மணி தன் கோழிக்கூண்டை மறந்து எழுந்தே நின்றுவிட்டார். துண்டில் சுற்றிய போசனை மட்டியு மாமா நெஞ்சோடு அணைத்திருந்தார். ஆப்ரி மாமா கையில் நோட்டு.

தராசில் வைத்தேன். ஆறு கிலோ இருநூறு. இரண்டே வாரத்தில் நானூறு கிராம் போயிருந்தது. நான் சொன்ன அளவில் நூற்றிருபதுதான் குறைய வேண்டும். வாந்தியில் கொஞ்சம் போயிருந்தாலும் இது மிகவும் அதிகம்.

"என்ன தின்னான்? உள்ளதச் சொல்லுங்க."

மட்டியு மாமா தரையைப் பார்த்தார். "தீத்தி வாளி."

தீத்தி என்பது இலையுதிர்காலத்தில் தீவுகளில் பிடித்து உப்பிட்டு வாளியில் அடைத்து வைக்கிற கடற்பறவை. அத்தனையும் கொழுப்பும் உப்பும். மனிதரே ஊறவைத்து, வேகவைத்து, தண்ணீரை மாற்றித்தான் சாப்பிட வேண்டும்.

"ஞாயித்துக்கெழம ராத்திரி சாப்பாட்டுக்கு ஒண்ணு ஊறப்போட எடுத்தேன். மூடிய சரியா அமுக்கல. பாதிப் பறவையக் காணோம்."

"வாளிய மூடத் தெரியாதா உனக்கு?" என்று ஆப்ரி மாமா பாய்ந்தார்.

"ஏழு வருஷமா அந்த வாளி அங்கதான் இருக்கு. ஒருநாள் தொட்டதில்ல அவன். ஏன் இப்ப தொட்டான்? நீ பட்டினி போட்ட!"

"நானா? நீதான்டா பின்னாடி உக்காந்து அவனுக்கு ஊட்டி ஊட்டி..."

"நான் பத்து கிராம்தான் போட்டேன்!" என்றார் மட்டியு மாமா.

நான் மெதுவாகக் கேட்டேன். "இருபத்தஞ்சுன்னுதானே சொன்னேன்?"

"இவன் எப்படியும் கூடப் போடுவான், நாமளாவது கொறைப்போம்னு நெனச்சேன்."

ஆப்ரி மாமா நோட்டைத் திறந்து மேசையில் வைத்தார். இரண்டு வாரமும் ஒவ்வொரு வரியிலும் அதே எண். பத்து. பத்து. பத்து.

"நானும் அதான் நெனச்சேன்" என்றார்.

நல்லவேளையாக அன்று டாக்டர் ஹெஸ்டர் வருகிற நாள். போசனுக்குச் சொட்டுநீர் ஏற்றி, வாந்திக்கு ஊசி போட்டு, மறுநாள் வரை வைத்துக்கொண்டார். பூனை இரண்டு நாள் சாப்பிடாமல் இருப்பது நாய் இருப்பதுபோல அல்ல, குண்டுப் பூனைக்கு அது இன்னும் ஆபத்து என்று விளக்கினார். சகோதரர்கள் வாசலில் பெஞ்சின் இரு முனைகளில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று மணிக்கு நான் தேநீர் கொடுத்தபோதும் அங்கேயே இருந்தார்கள். ஆப்ரி மாமா தன் கோப்பையில் சர்க்கரை போட்டுவிட்டு டப்பாவைத் தம்பி பக்கம் நகர்த்தினார். மட்டியு மாமா இரண்டு கரண்டி எடுத்துக்கொண்டார்.

அடுத்த நாள் போசன் ஈர உணவை விரலிலிருந்து நக்கினான், பிறகு தட்டிலிருந்தும் சாப்பிட்டான். அதைப் பார்த்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. இருவரும் ஒரே தீனியைப் போடுவதால்தானே யார் எவ்வளவு போட்டார்கள் என்று தெரியவில்லை? உணவையே பிரித்துவிட்டால் என்ன? காலையில் அண்ணன் இருபத்தைந்து கிராம் உலர் தீனி, நானே நிறுத்து ஏழு டப்பாவில் தருவேன். மாலையில் தம்பி ஒரு சின்னப் பொட்டலம் ஈர உணவு. அதில் பெரும்பகுதி தண்ணீர், வயிறும் நிறையும். காலி டப்பாவும் காலிப் பொட்டலமும் சமையலறை மேடையில் இருக்க வேண்டும். யாரும் யாரையும் நம்ப வேண்டியதில்லை, பார்த்தால் போதும்.

"ஒரு நிபந்தனை" என்றேன். "புதன்கிழமைதோறும் ரெண்டு பேரும் சேந்து வரணும். ஒருத்தர் மட்டும் வந்தா டப்பா தரமாட்டேன்."

"இவ அப்பனும் இப்படித்தான் அதிகாரம் பண்ணுவான்" என்றார் மட்டியு மாமா.

"இதவிட மோசம்" என்றார் ஆப்ரி மாமா.

வந்தார்கள். முதல் புதன்கிழமை எதுவும் குறையவில்லை, கூடவுமில்லை. பிறகு ஐம்பது கிராம், எழுபது கிராம், ஒரு வாரம் முப்பது. முப்பது வந்த அன்று பெரிய விசாரணையே நடந்தது. மட்டியு மாமா தட்டில் ஒட்டியிருந்த காட் மீனைப் போசன் நக்கினானா இல்லையா, நக்கினது கணக்கில் வருமா வராதா என்று கால் மணி நேரம் கத்திக்கொண்டார்கள். வரும் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். இருவருக்கும் என்மேல் கோபம்.

ஏழாவதோ எட்டாவதோ வாரம், போசனைத் தராசில் வைத்துவிட்டு எண் நிலைப்பதற்காகக் காத்திருந்தோம். அவன் ஆடிக்கொண்டே இருந்ததால் எண்ணும் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது மட்டியு மாமா, அண்ணனைப் பார்க்காமல் பூனையைப் பார்த்தே சொன்னார்.

"டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

நான் வெளியே போய்விடலாமா என்று நினைத்தேன். பூனையை விட்டுவிட்டுப் போக முடியாது.

"சொல்லியிருந்தா மறுநாள் நீ படகை எடுத்துட்டுத் தனியாப் போயிருப்ப" என்றார் ஆப்ரி மாமா.

மட்டியு மாமா தராசில் ஓடுகிற எண்ணைப் பார்த்தார்.

"போயிருப்பேன்" என்றார்.

"ஆமா."

"அப்பவும் சொல்லியிருக்கணும்."

ஆப்ரி மாமா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "சொல்லியிருக்கணும்தான். பயந்துட்டேன். நீ விழுந்தப்ப உன் கண்ணு தொறந்தே இருந்துச்சுடா, மட்டியு. நீ அதப் பாக்கல. நான் பாத்தேன்."

மட்டியு மாமா போசனின் முதுகில் கையை வைத்தார். பூனை ஆடுவதை நிறுத்தியது. கையை எடுக்கச் சொல்லத்தான் வேண்டும், எடை தப்பாகக் காட்டும். ஒரு நிமிடம் விட்டுத்தான் சொன்னேன்.

ஐந்து கிலோ எண்ணூற்றைம்பது.

விலாவைத் தடவினேன். முதல் தடவையாக எலும்பு விரலில் பட்டது. மட்டியு மாமாவின் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்துக் காட்டினேன். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "நீயும் பாரு, இங்க" என்று நகர்ந்து அண்ணனுக்கு இடம் விட்டார்.