வலது டயரில் காற்று

பஸ்ஸை எடுப்பதற்கு முன்னால் டயர்களை ஒரு சுற்று பார்க்காமல் நான் ஏறியதே கிடையாது. காலால் ஒரு தட்டு, கையால் ஒரு தடவல். வலது பக்கம் காற்று குறைந்தால் வண்டி வலது பக்கமாகவே இழுக்கும் என்பது லைசென்ஸ் வாங்குவதற்கு முன்பே எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட என்னைப் போனுக்குள் ஓடுகிற ஒரு பொம்மைக் கார் ஏமாற்றிவிட்டது. காரைச் சொல்லி என்ன பயன், ஏமாற்றியது என் மனைவி.

நடந்ததை முதலில் இருந்தே சொல்கிறேன். டெப்போவில் வண்டி கழுவுகிற இடத்தில் சோப்புத் தண்ணீர் வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு முறிந்தது. உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். கட்டைப் பிரித்தபோது கை இடது பக்கம் சமர்த்தாகத் திரும்பியது. வலது பக்கம் திரும்பு என்றால் மட்டும் முரண்டு பிடித்தது. டெப்போ டாக்டர் முன்னால் பஸ் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிக் காட்டினால்தான் மறுபடி வண்டி தருவார்கள். இல்லாவிட்டால் டிக்கெட் கவுன்ட்டர். நான் ஓட்டிய பஸ்ஸை வேறு எவனோ ஓட்டிக்கொண்டு போவதைக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதை நினைத்தாலே எனக்குச் சாப்பாடு இறங்காது.

கைக்குப் பயிற்சி தரும் பெண், துண்டைப் பிழியச் சொன்னாள், கதவுக் குமிழைத் திருப்பச் சொன்னாள். பிழிந்த துண்டையே எத்தனை முறை பிழிவது? சீக்கிரமே கைவிட்டேன். வீட்டுப் பூட்டைக்கூட இடது கையால்தான் திறந்தேன். அவளும் லேசுப்பட்டவள் இல்லை.

"போனைச் சாய்ச்சு ஓட்டுற ரேஸ் கேம் இருக்குல்ல, அதை ஆடுங்க சார். வலது கையில மட்டும் பிடிக்கணும். இடது கை உதவிக்கு வரவே கூடாது" என்றாள்.

அன்று மாலையே என் மனைவி அந்த கேமைப் போனில் ஏற்றிக் கொடுத்தாள். இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஓட்டினேன். இடது வளைவெல்லாம் அழகாக வந்தது. வலது வளைவு வந்தால் கார் நேராகப் போய்ச் சுவரில் முட்டியது. மறுபடி ஓட்டினேன், மறுபடி சுவர். எத்தனை வருஷமாக பஸ் ஓட்டுகிறவன், கையகலக் காரிடம் தோற்றுப்போனால் வருகிற கோபம் சாதாரணக் கோபமா? போனை சோபாவில் விட்டெறிந்தேன்.

"இந்தக் கருமத்தை இனிமே என் கண்ணுல காட்டாத."

அவள் போனை எடுத்து நோண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணைச் சோதித்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, யாருக்கு எந்தப் பவர் என்று கண்டுபிடிப்பவள்.

"இங்க பாருங்க, காரை நம்ம இஷ்டத்துக்கு மாத்திக்கலாமாம். கியர், சஸ்பென்ஷன், ஒவ்வொரு டயருக்கும் தனித்தனியாக் காத்து, எல்லாம் இருக்கு. நீங்க ஓட்டுங்க, நான் மாத்துறேன்."

"மாத்தி?"

"ஓட்டிப் பார்த்துட்டு எது நல்லாருக்குன்னு மட்டும் சொல்லுங்க. கடையில அப்படித்தான பண்றேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு சுற்று ஓட்டுவேன். போனை வாங்கி, எனக்குத் தெரியாமல் திருப்பி வைத்துக்கொண்டு எதையோ ஒன்றே ஒன்றை மாற்றுவாள். இன்னொரு சுற்று ஓட்டுவேன். பிறகு கடைக் குரலில் கேட்பாள்: "சொல்லுங்க சார், முதல்லதா, ரெண்டாவதா?" சஸ்பென்ஷனை இறுக்கினால் கார் குதித்தது. தளர்த்தினால் குடித்தவன் மாதிரி ஆடியது. நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தினோம். கியரை மாற்றினோம். ஒருநாள் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்றேன், தயங்கிக்கொண்டே.

"அதுல என்ன தப்பு? கண்ணு பார்க்கிறப்பவும் ரெண்டும் ஒண்ணாத் தெரியுதுன்னு சொல்ற இடத்துலதான் நாங்க நிறுத்துவோம். அதுதான் அவங்க பவர்."

என்ன மாற்றுகிறாள் என்று நான் எட்டிப் பார்க்கவே இல்லை. ஓட்டுவது டிரைவர் வேலை, ரிப்பேர் மெக்கானிக் வேலை, ஒருத்தர் வேலையில் ஒருத்தர் மூக்கை நுழைக்கக் கூடாது என்பது டெப்போ வழக்கம். டயர் பார்ப்பது மட்டும் டிரைவர் வேலைதான் என்பது ஏனோ எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

வலது வளைவுகள் வரத் தொடங்கின. பிறகு ஜெயிக்கத் தொடங்கினேன். காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்னால் ஒரு ரேஸ். ஜெயித்த படங்களை எல்லாம் டெப்போ குரூப்பில் போட்டு மற்றவர்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டேன். கை சரியாகிவிட்டது என்று நானே முடிவு செய்து, டாக்டர் எப்போது பார்ப்பார் என்று கேட்க டெப்போவுக்குக் கிளம்பிப் போனேன்.

ஓய்வறையில் என் பஸ்ஸில் என்னோடு வருகிற கண்டக்டர் இருந்தான். தலை நிறைய முடி இருந்தும் மொட்டை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம்.

"வாங்கண்ணே, ரேஸ் ராஜா! குரூப்புல படம் போட்டா ஆச்சா? நேர்ல ஓட்டிக் காட்டுங்க" என்று தன் போனை நீட்டினான். அதே கேம், அதே கார்.

சட்டைக் கையை மடித்துவிட்டு ஓட்டினேன். முதல் வலது வளைவு. போனைச் சாய்த்தேன். கார் நேராகப் போய்ச் சுவரில் முட்டியது. ஓய்வறையே சிரித்தது. மறுபடி ஓட்டினேன். இன்னும் பலமாகச் சுவர்.

"உன் வண்டியில ஏதோ கோளாறுடா" என்றேன்.

"நான் எதையும் தொடலண்ணே. கேம்ல குடுத்தது குடுத்தபடியே இருக்கு."

வாசலுக்கு வந்து என் போனை எடுத்தேன். முதல் முறையாக அந்தப் பக்கத்தைத் திறந்தேன். நான்கு டயர் படம். இடது டயர்களில் காற்று ஓர் அளவு. வலது டயர்களில் அதைவிடக் குறைவு. பார்த்ததும் புரிந்துவிட்டது. வலது பக்கம் கையா திரும்பியது, கார் தானாக இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வெட்கமா, கோபமா, பயமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. டிக்கெட் கவுன்ட்டர் ஜன்னல் எதிரிலேயே இருந்தது.

வீட்டுக்குப் போய், சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவைச் சாவியால் திறந்து, படாரென்று தள்ளினேன். அவள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னை என்ன பச்சைக் குழந்தைன்னு நெனச்சியா? வலது டயர்ல காத்தை எறக்கி வெச்சுட்டு, ஆஹா ஓஹோன்னு கை தட்டுற! ஊரே சிரிச்சுது இன்னைக்கு!"

அவள் பதறவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

"முதல் தடவை கண்ணாடி போட வர்றவங்களுக்குப் பவர் அதிகமா இருந்தா, சில பேருக்கு எடுத்த எடுப்புல முழுசாக் குடுக்க மாட்டோம். குடுத்தா தரை சாயுது, தலை சுத்துதுன்னு கழட்டி வெச்சுடுவாங்க. கண்ணாடி பெட்டிக்குள்ளயே கெடந்தா அது என்ன பவரா இருந்து என்ன? அதனால கொஞ்சம் கம்மியாக் குடுத்து, பழகப் பழக ஏத்துவோம். நீங்களும் அன்னைக்குப் போனை விட்டெறிஞ்சீங்களா இல்லையா?"

"அதுக்கு?"

"முதல்ல உங்க வலது டயர்ல காத்தே கெடையாது. இந்த கேம் விடுற அளவுக்கு எறக்கி வெச்சிருந்தேன். கொஞ்சம் கொஞ்சமா ஏத்திட்டுத்தான் வர்றேன். இன்னைக்குப் பார்த்தீங்கல்ல, எவ்வளவு இருக்கு?"

பார்த்தேன்தான். இடது டயரைவிடக் குறைவு, ஆனால் பாதிக்கு மேலேயே இருந்தது.

"அப்ப, கார் தானா இழுக்காத அந்தப் பாதியை யாரு திருப்புனது, நானா?" என்றாள். பிறகு கதவைக் காட்டினாள். "அது கெடக்கட்டும், இப்பப் பூட்டை எந்தக் கையில தொறந்தீங்க?"

சாவி என் வலது கையில் இருந்தது.

அப்படியும் நான் லேசில் இறங்கி வரவில்லை. ஆம்பளை ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே. என் காரை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று நான்கு டயரிலும் ஒரே அளவாகக் காற்றை வைத்து ஓட்டினேன். சுவர், சுவர், சுவர். கையும் வலித்தது. போனைத் தொடப் பிடிக்காமல் மேஜையிலேயே போட்டுவைத்தேன். போட்டுவைத்த அன்றே அவள் சொன்ன கண்ணாடிப் பெட்டி ஞாபகம் வந்து தொலைத்தது.

எடுத்துக்கொண்டு போய் அவளிடம் நீட்டினேன். "நீயே வை. ஆனா எவ்வளவு வெச்சிருக்கன்னு சொல்லிட்டு வை."

"சொன்னா சரியா வராது. எந்த லென்ஸுன்னு தெரிஞ்சுட்டா கண்ணு பொய் சொல்லும்."

"சரி, சொல்லாமலே வை" என்றேன். கல்யாணமானதில் இருந்து அவளிடம் நான் இவ்வளவு அடங்கிப் பேசியதில்லை. அவளுக்கும் அது தெரிந்தது, சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

பழையபடி தினமும் ஓட்டினேன், சில வாரம் கழித்து டாக்டர் பார்க்கும் நாள் வந்தது. காலையில் நான் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது அவள் போனோடு வந்து உட்கார்ந்தாள்.

"இடது கையைத் தொடைக்கு அடியில வைங்க சார்."

ஒரு சுற்று ஓட்டினேன். வாங்கினாள், திருப்பி வைத்து எதையோ தொட்டாள், கொடுத்தாள். இன்னொரு சுற்று. இரண்டிலும் கார் சுவர்ப் பக்கமே போகவில்லை.

"சொல்லுங்க. முதல்லதா, ரெண்டாவதா?"

யோசித்துப் பார்த்தேன். இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தேன். "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

"அவசரப்படாம சொல்லுங்க."

"ஒண்ணுதான்டி. சத்தியமா ஒண்ணுதான்."

அவள் போனை என் பக்கம் திருப்பினாள். நான்கு டயர் படத்திலும் காற்று ஒரே அளவாக இருந்தது. "அவ்வளவுதான் சார், முடிஞ்சுது" என்றாள், கடையில் சொல்கிற மாதிரியே. ஆனால் கடையில் அவள் அழ மாட்டாள். அவள் தலையில் கை வைத்தேன், வலது கைதான்.

டெப்போவில் டாக்டர் பஸ் பக்கத்திலேயே காத்திருந்தார். நான் நேராக ஏறாமல் வண்டியைச் சுற்றி வந்தேன். இடது டயரைக் காலால் தட்டினேன். வலது டயரைத் தட்டி, குனிந்து கையாலும் தடவினேன்.

"என்னப்பா தேடுற?" என்றார்.

"ஒண்ணுமில்ல சார். எங்க வீட்டம்மா ராத்திரியோட ராத்திரியா இங்கயும் வந்துட்டுப் போயிட்டாளோன்னு ஒரு சந்தேகம்."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. கதையை என்னிடமே கேட்டிருந்த மொட்டை மட்டும் பின்னால் நின்று சிரித்தான். இரண்டு பக்கமும் காற்று சரியாக இருந்தது. நான் ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தேன். எங்கள் டெப்போ வாசலில் இருந்து ரோட்டுக்கு ஏற முதலில் வலது பக்கம்தான் திருப்ப வேண்டும். திருப்பினேன்.